க்யூஎம் டிஸ்ட்ராய்: ப்ராக்ஸ்மாக்ஸ் கட்டளை வரியோடு மூன்று வருஷம்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் சர்வர் அறையைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அறை என்று மரியாதைக்குச் சொல்கிறேன். மாடிப்படிக்குக் கீழே கண்ணாடிக் கதவு போட்டு ஏசி மாட்டிய இடம் அது. உள்ளே செகண்ட் ஹேண்டில் வாங்கிய மூன்று ரேக் சர்வர்கள், பேக்கப் போட நெட்வொர்க்கில் மாட்டிய ஒரு நாஸ் டிஸ்க் பெட்டி, ஒரு யுபிஎஸ். அந்த மூன்று சர்வர்களுக்குள், தனிக் கம்ப்யூட்டர் போலவே நடந்துகொள்ளும் 11 மெய்நிகர் எந்திரங்கள் ஓடுகின்றன. நாங்கள் யாரும் அப்படிச் சொல்வதில்லை, விஎம் என்றுதான் சொல்வோம். டேலி ஓடும் விண்டோஸ், கைரேகை வருகைப் பதிவு, லேபிள் அச்சிடும் ஒரு கிழட்டு விண்டோஸ், ஆர்டர் கணக்கு, ஃபைல் சர்வர், அப்புறம் என் சோதனைக் குட்டிகள் சில.

இந்த விஎம்களை உண்டாக்கி மேய்க்கும் மென்பொருள் ப்ராக்ஸ்மாக்ஸ் விஇ. அதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதன் வலைப்பக்கத்தைத்தான் படம் பிடித்துக் காட்டுகிறார்கள். 8006-ஆம் போர்ட்டில் திறக்கும் பக்கம், இடது பக்கம் மரம், வலது பக்கம் வரைபடம். நல்ல பக்கம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான் அதைத் திறப்பது வாரத்துக்கு ஒரு முறை இருந்தால் அதிகம். என் வேலை முழுக்க எஸ்எஸ்ஹெச் என்ற தொலைநுழைவு வழியாக உள்ளே போய்க் கட்டளை அடிப்பதும், அந்தக் கட்டளைகளைக் கோத்து ஸ்கிரிப்ட் எழுதுவதும்தான். எனவே இந்த மதிப்புரை அந்தக் கட்டளைகளுக்கு மட்டும்.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ப்ராக்ஸ்மாக்ஸ் ஆஸ்திரியாவின் வியன்னாவில் இருக்கும் கம்பெனி. இந்த மென்பொருளின் முதல் வெளியீடு 2008-இல். அடியில் இருப்பது டெபியன் லினக்ஸ். முழு விஎம்களை ஓட்ட கேவிஎம், சர்வரின் லினக்ஸையே பகிர்ந்துகொள்ளும் இலகுவான கன்டெய்னர்களை ஓட்ட எல்எக்ஸ்சி. திறந்த மூல உரிமத்தில் வருவதால் காசு கட்டாமலே முழுதாகப் பயன்படுத்தலாம். சோதித்து முதிர்ந்த அப்டேட்டும் உதவியும் வேண்டுமென்றால் சந்தா உண்டு, அதை ப்ராசஸர் உட்காரும் சாக்கெட் கணக்கில் வருஷத்துக்கு வசூலிக்கிறார்கள். எங்கள் சர்வர் ஒவ்வொன்றிலும் இரண்டு சாக்கெட். முதலாளியிடம் அந்தக் கணக்கைச் சொன்னபோது அவர் முகம் போன போக்கை இங்கே எழுத வேண்டாம். சந்தா இல்லையென்றால் வலைப்பக்கத்தில் நுழையும் ஒவ்வொரு முறையும் ‘உங்களிடம் செல்லுபடியாகும் சந்தா இல்லை’ என்று ஒரு பெட்டி எழும்பும். கட்டளை வரியில் அந்தப் பெட்டி கிடையாது. நான் கறுப்புத் திரையை விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இதற்கு முன்பு ஆறு வருஷம் வெறும் உபுண்டுவில் கேவிஎம் போட்டு, விஎம்களை மேய்க்கும் இன்னொரு மென்பொருளான லிப்வெர்ட்டின் வெர்ஷ் கட்டளையால் ஓட்டிக்கொண்டிருந்தேன். வெர்ஷ் லிஸ்ட், வெர்ஷ் ஸ்டார்ட், வெர்ஷ் ஷட்டவுன். விரல் நுனியில் இருந்த பாடம். ஒரு சர்வர் இருந்தவரை அதில் எந்தக் குறையும் இல்லை. சர்வர் மூன்றானபோது எந்த விஎம் எங்கே இருக்கிறது என்பதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கும் நிலைமை வந்தது. அதனால் மாறினேன். அடியில் ஓடுவது அங்கேயும் கேவிஎம்தான், இங்கேயும் கேவிஎம்தான். 2007-இல் லினக்ஸின் மையமான கெர்னலுக்குள் சேர்ந்த அதே சரக்கு. மேலே ஏறி உட்கார்ந்து ஓட்டுகிறவன் மட்டும் வேறு ஆள். இந்த ‘வேறு ஆள்’ விஷயம் என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் பிடித்ததைச் சொல்லிவிடுகிறேன். விஎம்களுக்கு க்யூஎம், கன்டெய்னர்களுக்கு பிசிடி என்று இரண்டே கட்டளைகள். ஒவ்வொரு விஎம்முக்கும் 100-இலிருந்து தொடங்கும் ஓர் எண். க்யூஎம் ஸ்டார்ட் 104 என்றால் எழும்புகிறது, க்யூஎம் கான்ஃபிக் 104 என்றால் ஜாதகத்தையே காட்டுகிறது. டேப் விசையைத் தட்டினால் துணைக்கட்டளையை மட்டுமல்ல, விஎம் எண்களையும் விருப்பத் தேர்வுகளையும் அதுவே நிரப்பித் தருகிறது. பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது, எண்தான் வேண்டும் என்பது முதல் மாதம் எரிச்சலாக இருந்தது. இப்போது வீட்டில் பேசும்போதுகூட ‘104 இன்னைக்குப் படுத்துடுச்சு’ என்றுதான் சொல்கிறேன். மனைவி ஏதோ பஸ் நம்பர் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

இன்னொரு நல்ல விஷயம், ஒளிவு மறைவு இல்லாதது. ஒரு விஎம்மின் மொத்த அமைப்பும் ஈடிசி அடைவுக்குள் பிவிஇ என்ற அடைவில் ஒரு சாதாரண உரைக் கோப்பாக இருக்கிறது. ‘கேட்’ கட்டளை அடித்துப் படிக்கலாம். பத்துப் பன்னிரண்டு வரி, அவ்வளவுதான். அந்த அடைவு பார்ப்பதற்கு அடைவு போல இருந்தாலும் அடியில் ஒரு சிறு தரவுத்தளம்; மூன்று சர்வரிலும் ஒரே மாதிரி தெரியும், ஒன்றில் மாற்றினால் மற்ற இரண்டிலும் அந்த நொடியே மாறும். என் நோட்டுப் புத்தகத்துக்கு அன்றோடு விடுதலை. கட்டளை வரியில் நான் செய்வதும் வலைப்பக்கத்தின் கீழே உள்ள பணிப் பட்டியலில் யார், எப்போது, என்ன முடிவு என்ற விவரத்தோடு பதிவாகிவிடும். நல்லது செய்தாலும் பதிவு. கெட்டது செய்தாலும் பதிவு.

கெட்டதுக்கு வருகிறேன்.

எங்கள் ஊரில் மாதத்தில் ஒரு நாள் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்துவார்கள். முன்கூட்டியே பேப்பரில் போட்டுவிடுவார்கள், அது பிரச்சினை இல்லை. சொல்லாமல் போகும் கரண்ட்தான் பிரச்சினை. தையல் பகுதிக்கு ஜெனரேட்டர் உண்டு. ஆபீஸ் பக்கமும் சர்வர் பக்கமும் யுபிஎஸ்ஸை நம்பித்தான். அதனால் வெர்ஷ் காலத்திலேயே ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருந்தேன். பேட்டரி இறங்கினால் ஒவ்வொரு விஎம்மையும் முறைப்படி ஷட்டவுன் செய்யும், ஒரு நிமிடம் பொறுக்கும், இன்னும் அடம் பிடித்து நிற்பது ஏதாவது இருந்தால் வெர்ஷ் டிஸ்ட்ராய் என்று போட்டு அணைத்துவிடும்.

வெர்ஷ் தெரிந்தவர்களுக்கு இந்த இடத்தில் எதுவும் விபரீதமாகத் தோன்றாது. வெர்ஷின் பாஷையில் டிஸ்ட்ராய் என்றால் அழிப்பது அல்ல, பிளக்கைப் பிடுங்குவது. விஎம் சட்டென்று நின்றுபோகும், அதன் டிஸ்க்குக்கும் அமைப்புக்கும் ஒன்றும் ஆகாது. உண்மையிலேயே பட்டியலிலிருந்து நீக்க வேண்டுமென்றால் அதற்கு அன்டிஃபைன் என்று தனியாக ஒரு கட்டளை. ஏற்கெனவே நின்றுவிட்ட விஎம்மின் மேல் டிஸ்ட்ராய் போட்டால் ‘அது ஓடவே இல்லையே’ என்று ஒரு பிழை வரும், அவ்வளவுதான். அதனால் என் ஸ்கிரிப்ட்டில் ‘இன்னும் ஓடுகிறதா’ என்று சோதிக்கும் வரியே இல்லை. எதற்கு? ஓடினால் நிற்கும், ஓடாவிட்டால் பிழை. ஆறு வருஷம் அப்படியே ஓடியது.

ப்ராக்ஸ்மாக்ஸுக்கு மாறியதும் அந்த ஸ்கிரிப்ட்டையும் மாற்ற வேண்டியிருந்தது. பெயர்களை எண்ணாக மாற்றினேன். வெர்ஷ் என்ற சொல் வந்த இடத்தில் எல்லாம் க்யூஎம் என்று ஒரே வரியில் மாற்றினேன். கட்டளைகள் ஒத்துப்போகின்றனவா என்று டேப் தட்டிப் பார்த்தேன். ஷட்டவுன் இருக்கிறது. டிஸ்ட்ராய்? அதுவும் இருக்கிறது! என்ன ஒற்றுமை என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன்.

க்யூஎம் அகராதியில் டிஸ்ட்ராய் என்றால் அழிப்பதுதான். விஎம்மும் போகும், அதன் டிஸ்க்கும் போகும், டிஸ்க்கோடு, அந்தந்த நேரத்து நிலையைப் பிடித்து வைத்த ஸ்னாப்ஷாட்டுகளும் போகும். பிளக்கைப் பிடுங்குவதற்கு இங்கே ஸ்டாப் என்று வேறு சொல். இதைவிடக் கொடுமை இன்னொன்று: ஓடிக்கொண்டிருக்கும் விஎம்மை க்யூஎம் அழிக்காது, ‘ஓடுகிறது, அழிக்க முடியவில்லை’ என்று மறுத்துவிடும். நின்றுபோனதை மட்டும்தான் அழிக்கும். அதாவது வெர்ஷ் எதை ஒன்றும் செய்யாமல் விடுமோ அதைத்தான் இது விழுங்கும்; வெர்ஷ் எதை அணைக்குமோ அதை இது தொடாது. தலைகீழ் என்றால் அச்சடித்த மாதிரி தலைகீழ்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒத்திகை பார்க்கலாம் என்று மூன்றாவது சர்வரில் மட்டும் அந்த ஸ்கிரிப்ட்டை ஓட்டினேன். அதில் நான்கு விஎம்கள். 105 வருகைப் பதிவு, 106 சோதனை, 107 லேபிள் அச்சிடும் கிழட்டு விண்டோஸ், 108 என் சொந்தக் குறிப்புகளும் கண்காணிப்பு மென்பொருளும். ஓட்டிவிட்டுக் கீழே போய் டீ குடித்துவிட்டு வந்தேன். க்யூஎம் லிஸ்ட் அடித்தால் ஒரே ஒரு வரி. 107 மட்டும், அதுவும் ஜம்மென்று ஓடிக்கொண்டு.

க்யூஎம் ஸ்டார்ட் 105 என்று அடித்தேன். அப்படி ஒரு அமைப்புக் கோப்பே இல்லை என்றது. 108-க்கும் அதே பதில். வலைப்பக்கத்தைத் திறந்தேன். கீழே பணிப் பட்டியலில் ‘விஎம் 105 டிஸ்ட்ராய், ஓகே’, ‘விஎம் 106 டிஸ்ட்ராய், ஓகே’, ‘விஎம் 108 டிஸ்ட்ராய், ஓகே’. அந்த ஓகேயைப் பார்த்தபோது வயிற்றுக்குள் ஏதோ புரண்டது.

107 ஏன் பிழைத்தது என்பது தனிக் கதை. அதன் அமைப்பில் கெஸ்ட் ஏஜென்ட் (விஎம்முக்குள் உட்கார்ந்து வெளியிலிருந்து வரும் கட்டளையைக் கேட்கும் குட்டி மென்பொருள்) இருப்பதாக நான் டிக் அடித்து வைத்திருந்தேன்; உள்ளே விண்டோஸில் அதை நிறுவவே இல்லை. ஏஜென்ட் இருக்கிறது என்று சொன்னால் ப்ராக்ஸ்மாக்ஸ் பவர் பொத்தானை அமுக்காமல் அந்த ஏஜென்ட்டிடம்தான் ‘அணைந்துகொள்’ என்று சொல்லும். கேட்க ஆளில்லை. குறித்த நேரம் காத்துவிட்டு நேரம் முடிந்தது என்று ஷட்டவுன் தோற்றது. பின்னாலேயே வந்த டிஸ்ட்ராயும் ‘ஓடுகிறதே’ என்று திரும்பிப் போனது. சொன்ன பேச்சைக் கேட்டு நல்ல பிள்ளையாக நின்ற மூன்றும் செத்தன. என் அலட்சியத்தால் காது கேட்காமல் கிடந்தது பிழைத்தது.

105-க்கு சனி இரவு பேக்கப் நாஸில் இருந்தது. க்யூஎம்ரிஸ்டோர் என்று கோப்பின் பெயரையும் எண்ணையும் எந்தச் சேமிப்பகம் என்பதையும் கொடுத்தால் போதும், 20 நிமிடத்துக்குச் சற்று மேலே ஆனது, எழுந்து உட்கார்ந்தது. ஞாயிறு ஓவர்டைமுக்கு வந்தவர்களின் கைரேகைப் பதிவுகள் அந்தக் கருவியின் நினைவிலேயே இருந்ததால் மறுபடி இழுத்துக்கொண்டோம். 106 போனால் போகட்டும். 108-க்கு பேக்கப் இல்லை. இடத்தை மிச்சப்படுத்தலாம் என்று அதை மட்டும் பேக்கப் பட்டியலிலிருந்து நான்தான் எடுத்திருந்தேன். ஊரார் பிள்ளைக்கெல்லாம் ஊட்டிவிட்டு என் பிள்ளையைப் பட்டினி போட்ட கதை.

இதில் மென்பொருளின் பங்கு எவ்வளவு? என் தீர்ப்பு கொஞ்சம்தான். ஒரு சொல்லுக்கு அதன் நேர் அர்த்தத்தைக் கொடுத்திருப்பது க்யூஎம்தான், கோணலாகக் கொடுத்தது வெர்ஷ். ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. வலைப்பக்கத்தில் ஒரு விஎம்மை நீக்கப் போனால் அதன் எண்ணை மறுபடி கையால் அடிக்கச் சொல்லும், அடித்தால்தான் பொத்தான் உயிர் பெறும். கட்டளை வரியில் ‘நிஜமாவா?’ என்று ஒரு வார்த்தை கிடையாது. ஸ்கிரிப்ட்டுக்குக் கேள்வி கேட்டால் ஸ்கிரிப்ட் நின்றுவிடும் என்பது புரிகிறது. கோப்பை அழிக்கும் லினக்ஸின் ஆர்எம் கட்டளையும் கேட்காதுதான். இருந்தாலும் இரண்டு வாசலுக்கும் இவ்வளவு வித்தியாசம் இருக்க வேண்டுமா?

பாதுகாப்பு உண்டு, எனக்குத் தெரியாமல் இருந்தது. க்யூஎம் செட் 104 என்று போட்டு புரொடெக்‌ஷன் என்பதற்கு 1 கொடுத்தால் அந்த விஎம்மையும் அதன் டிஸ்க்கையும் யாராலும் நீக்க முடியாது, முதலில் அந்தப் பூட்டைத் திறந்தாக வேண்டும். அன்று மாலையே எல்லா விஎம்முக்கும் போட்டேன். ஒரு ஃபார் லூப், பத்து நொடி. இன்று யாராவது ப்ராக்ஸ்மாக்ஸ் போடப் போகிறேன் என்றால் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

இன்னொரு வெட்கக்கேடும் இருக்கிறது. கையேட்டை உட்கார்ந்து படித்தபோது தெரிந்தது, என் ஸ்கிரிப்ட்டே தேவையில்லை. க்யூஎம் ஷட்டவுனிலேயே எத்தனை நொடி காத்திருக்க வேண்டும் என்றும், நேரம் கடந்தால் வலுக்கட்டாயமாக நிறுத்து என்றும் இரண்டு தேர்வுகள் உண்டு. ஒரே வரி. அதைவிட, சர்வரையே ஷட்டவுன் செய்தால் அதன் மேல் ஓடும் விஎம்களை எல்லாம் ப்ராக்ஸ்மாக்ஸ் தானே வரிசைப்படி இறக்கிவிட்டுத்தான் அணையும். எது முதலில் எழும்ப வேண்டும், அடுத்ததற்கு எத்தனை நொடி இடைவெளி, அணைய எவ்வளவு நேரம் கொடுக்கலாம் என்பதை ஒவ்வொரு விஎம்மிலும் குறித்து வைத்தால் போதும். அணையும்போது அதே வரிசை தலைகீழாக நடக்கும். 60 வரி எழுதி மூன்று விஎம்களைக் கொன்றவனுக்கு இது தெரிந்திருக்கவில்லை.

கையேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேன் க்யூஎம் என்று அடித்தால் வருவது உண்மையிலேயே பயன்படும் ஆவணம். ஒவ்வொரு தேர்வுக்கும் என்ன வகை மதிப்பு, எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை, இயல்பு என்ன என்று இருக்கிறது. உள்ளே ஏபிஐயை (மற்ற மென்பொருள்கள் இதோடு பேசும் வாசல்) வரையறுக்கும் அதே விவரத்திலிருந்துதான் இந்தப் பக்கமும் உண்டாகிறது, அதனால் கட்டளை ஒன்று சொல்ல, கையேடு வேறு சொல்வது அபூர்வம். படிக்காமல் போனது என் குற்றம்.

ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. க்யூஎம் லிஸ்ட் மனிதக் கண்ணுக்கானது. எண், பெயர், நிலை, மெமரி, டிஸ்க் என்று அழகாக நிரல் பிரித்துக் காட்டும். அதை, உரையைத் துண்டாக்கும் ஆக் கட்டளையால் வெட்டி எடுப்பதுதான் எல்லோரும் முதலில் செய்வது, நானும் செய்தேன். அதோடு அது அந்த ஒரு சர்வரில் உள்ளதை மட்டும்தான் காட்டும், பக்கத்துச் சர்வரில் இருப்பது அதற்குத் தெரியாது. ஸ்கிரிப்ட்டுக்குச் சரியான வாசல் பிவிஇஎஸ்ஹெச். வலைப்பக்கம் எந்த ஏபிஐயைக் கூப்பிடுகிறதோ அதையே கட்டளை வரியிலிருந்து கூப்பிடும் கருவி அது. கிளஸ்டர் என்றால் ஒன்றாகக் கோத்த சர்வர்க் கூட்டம்; கிளஸ்டர் ரிசோர்ஸஸ் என்ற பாதையைக் கேட்டால் மூன்று சர்வரின் விஎம்களும் ஒரே பட்டியலாக வரும். வெளியீட்டை மென்பொருள் படிக்கும் ஜேசன் வடிவில் கேட்டு, ஜேக்யூ என்ற கருவியில் வடிகட்டினால் ‘ஓடிக்கொண்டிருப்பதில் 8 ஜிபிக்கு மேல் மெமரி தின்பது எது’ என்பதெல்லாம் ஒரு வரிக் கேள்வி. வேறு சர்வரில் இருக்கும் விஎம்முக்குக் கட்டளை போட்டாலும் அதுவே அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும்.

ஆனால் மெதுவாக இருக்கும். உள்ளே பெர்ல் மொழி. ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் தன் மூட்டை முடிச்சையெல்லாம் அவிழ்த்துவிட்டுத்தான் பதில் சொல்லும். ஒரு முறைக்குப் பரவாயில்லை. 11 விஎம்முக்கும் தனித்தனியாக லூப் போட்டால் பொறுமை போகிறது. ஒரே கேள்வியில் எல்லாவற்றையும் வாங்கி, பிறகு ஜேக்யூவில் பிரித்துக்கொள்வது நல்லது.

தினசரி வாழ்க்கையை உண்மையில் மாற்றியது க்யூஎம் கெஸ்ட் எக்ஸெக். உள்ளே ஏஜென்ட் நிறுவியிருந்தால், நெட்வொர்க்கே இல்லாத விஎம்முக்குள்ளும் அதை ஓட்டும் சர்வரிலிருந்து ஒரு கட்டளையை ஓட்டி, அதன் வெளியீட்டை ஜேசனாகத் திரும்ப வாங்கலாம். போன வருஷம் ஃபைல் சர்வரின் ஐபியைத் தப்பாக மாற்றிவிட்டு வெளியே மாட்டிக்கொண்டேன். இதன் வழியாக உள்ளே போய்ச் சரி செய்தது இரண்டு நிமிட வேலை. பாஸ்வேர்ட் மறந்த லினக்ஸ் விஎம்முக்கும் க்யூஎம் கெஸ்ட் பாஸ்வேர்ட் என்று ஒன்று இருக்கிறது.

புது விஎம் உண்டாக்குவதும் அப்படித்தான். கொடுத்த ஐபியையும் சாவியையும் முதல் முறை எழும்போதே தானே அமைத்துக்கொள்ளும் கிளவுட் இனிட் உள்ள டெபியன் படிமம் ஒன்றை 9000 என்ற எண்ணில் டெம்ப்ளேட்டாக, அதாவது அச்சாக, வைத்திருக்கிறேன். அதை க்ளோன் (நகல்) செய்து, ஐபியையும் எஸ்எஸ்ஹெச் சாவியையும் க்யூஎம் செட்டில் கொடுத்து, ஸ்டார்ட். எங்களுடையது, எல்லாவற்றையும் மறுபடி எழுதாமலே நகல் எடுக்கத் தெரிந்த இசட்எஃப்எஸ் சேமிப்பகம் என்பதால் டெம்ப்ளேட்டிலிருந்து க்ளோன் எடுப்பது கண் சிமிட்டும் நேரம். ஒரு விஷயம்: அடுத்த காலி எண் எது என்று கேட்டால், முன்பு அழித்த விஎம்மின் எண்ணையும் காலி என்று எடுத்துக் கொடுக்கும். நாஸில் பழைய 110-இன் பேக்கப்பும் புதிய 110-இன் பேக்கப்பும் ஒன்றாகக் கிடந்து, எது எதுவென்று தேதியைப் பார்த்துக் கண்டுபிடித்த அனுபவம் எனக்கு உண்டு. இப்போது செத்த எண்ணைத் திரும்ப யாருக்கும் வைப்பதில்லை.

டிஸ்க்கைப் பெரிதாக்க க்யூஎம் ரீசைஸ் இருக்கிறது. சிறிதாக்க இல்லை. தாராளமாகக் கொடுத்துவிட்டால் திரும்ப வாங்க முடியாது, கல்யாணத்துக்குக் கொடுத்த கடன் மாதிரி.

மூன்று சர்வர் கிளஸ்டர் என்றால் குவோரம் என்ற ஒன்றோடு வாழப் பழக வேண்டும். பாதிக்கு மேல் சர்வர்கள் ஒன்றையொன்று பார்த்தால்தான் எதுவும் நடக்கும். கரண்ட் வந்து ஒரே ஒரு சர்வர் மட்டும் முதலில் எழுந்தால், அமைப்பு அடைவு வாசிக்க மட்டும்தான், விஎம் எதுவும் தொடங்காது, ‘கிளஸ்டர் தயாராக இல்லை’ என்று நிற்கும். முதல் தடவை நான் பதறினேன். பிவிஇசிஎம் எக்ஸ்பெக்டட் 1 என்று அடித்து அதை ஏமாற்றலாம். ஆனால் மற்ற இரண்டும் நிஜமாகவே அணைந்து கிடக்கின்றன என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும். ஒரே டிஸ்க்கை இரண்டு பக்கமும் எழுத ஆரம்பித்தால் பேக்கப்பைத் தவிர வேறு கதியில்லை.

என் பெரிய குறை அனுமதி பற்றியது. க்யூஎம் ஓட்ட ரூட், அதாவது சர்வரின் முழு அதிகாரம், வேண்டும். உதவிக்கு ஒரு பையன் சேர்ந்திருக்கிறான், கெட்டிக்காரன். அவனுக்கு ‘நீ ஸ்டார்ட், ஷட்டவுன் மட்டும் செய்’ என்று க்யூஎம்முக்குள்ளேயே அளந்து கொடுக்க வழியில்லை. க்யூஎம்மைப் பொறுத்தவரை கொடுத்தால் முழு ரூட், இல்லையென்றால் ஒன்றுமில்லை. வலைப்பக்கத்தில் அழகாக அளந்து கொடுக்க முடிகிற விஷயம் இது. ‘அண்ணா, எனக்கும் அந்தக் கறுப்பு ஸ்கிரீன் குடுங்கண்ணா’ என்று அவன் கேட்கும்போது ஞாயிற்றுக்கிழமைக் கதையைச் சொல்லி ஒத்திப்போடுகிறேன்.

சுற்றுவழி உண்டு. 6.2 பதிப்பிலிருந்து, பாஸ்வேர்டுக்குப் பதில் ஸ்கிரிப்ட் காட்டும் சாவியான ஏபிஐ டோக்கன் வந்திருக்கிறது. பிவிஇயூஎம் கட்டளையால் உரிமைகளின் தொகுப்பான ஒரு புதிய ரோல் உண்டாக்கி, அதற்குப் பவர் மேனேஜ்மென்ட் உரிமையும் பார்க்கும் உரிமையும் மட்டும் கொடுத்து, அதை ஒரு டோக்கனுக்குக் கட்டினேன். விஎம்மை அழிக்க அலொகேட் என்ற வேறு உரிமை வேண்டும், அது இந்த டோக்கனுக்குக் கிடையாது. இதில் அரை நாள் போனது. பயனருக்குக் கொடுத்த உரிமை டோக்கனுக்குத் தானாக வராது, தனியாகக் கொடுக்க வேண்டும் என்பது ஒன்று. டோக்கன் பெயருக்கு நடுவில் ஓர் ஆச்சரியக்குறி வருகிறது, இரட்டை மேற்கோளுக்குள் வைத்தால் நாம் அடிக்கும் கட்டளையை வாங்கிப் படிக்கும் பாஷ் அதைப் பழைய கட்டளையைக் கூப்பிடும் குறி என்று எடுத்துக்கொள்கிறது என்பது இன்னொன்று. ஒற்றை மேற்கோள் போடுங்கள்.

இப்போது யுபிஎஸ்ஸின் யுஎஸ்பி கேபிள் ராஸ்பெர்ரி பை என்ற கையளவுக் கம்ப்யூட்டரில் மாட்டியிருக்கிறது. அதில் யுபிஎஸ்ஸைக் கவனிக்கும் நெட்வொர்க் யுபிஎஸ் டூல்ஸ் என்ற மென்பொருள் ஓடுகிறது. கரண்ட் போய் இரண்டு நிமிடம் ஆனால் அந்தச் சின்னப் பெட்டி, ஏபிஐக்குச் செய்தி அனுப்பும் கர்ல் கட்டளையில் அந்த டோக்கனை வைத்து, சோதனை விஎம்களையும் இரவு வேலைக்கான விஎம்களையும் முதலில் ஷட்டவுன் செய்யச் சொல்கிறது. ஐந்தாவது நிமிடம் லேபிள் விண்டோஸ். 107-இல் ஏஜென்ட் டிக்கை எடுத்துவிட்டேன், இப்போது பவர் பொத்தான் குறிப்புக்கே ஒழுங்காக அணைகிறது. எல்லாமே காலியான சர்வரை அணைத்துவிட்டால் யுபிஎஸ் மேல் சுமை குறைகிறது, டேலி இருக்கும் சர்வருக்கு மூச்சு நீள்கிறது. பேட்டரி கடைசிக் கட்டத்துக்கு வரும்போதுதான் அதுவும் இறங்கும், அதை ப்ராக்ஸ்மாக்ஸ் தன் வரிசைப்படி தானே பார்த்துக்கொள்கிறது. அந்த ஸ்கிரிப்ட் மொத்தம் 19 வரி. அதில் டிஸ்ட்ராய் என்ற சொல் இல்லை. இருந்திருந்தாலும் அந்த டோக்கனை வைத்துக்கொண்டு ஒன்றும் கிழிக்க முடியாது.

மூன்று நான்கு சர்வர், லினக்ஸ் கட்டளையில் கூச்சமில்லாத ஒரு ஆள், சந்தா கட்ட யோசிக்கும் ஒரு முதலாளி: இந்த மூன்றும் இருக்கும் இடத்துக்குத் தாராளமாகச் சொல்வேன். கட்டளை வரிக்கு மட்டும் மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு நாலு. அனுமதியை அளந்து கொடுக்க முடியாததற்கு அரை, லிஸ்ட் கட்டளை ஜேசன் பேசாததற்கு அரை. 108-இல் போன என் குறிப்புகளுக்கு மதிப்பெண் குறைக்கவில்லை, அது என் கணக்கில்.

போன மாதம் சொல்லாமல் கரண்ட் போனது. முக்கால் மணி நேரம். முன்பெல்லாம் கால் மணியில் எல்லாம் படுத்துவிடும், கணக்குப் பிரிவு அக்காவிடமிருந்து போன் வரும். அன்றைக்கும் வந்தது.

“தம்பி, கரண்ட் போயி அரை மணி நேரமாச்சுங்க. டேலி இன்னும் ஓடிட்டே இருக்குதுங்களே, ஏதாச்சும் பிரச்சினைங்களா?”

“ஒண்ணுமில்லீங்கக்கா. அது ஓடட்டும். நீங்க சேவ் பண்ணிட்டே இருங்க.”